இரண்டு மில்லிமீட்டர்

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு வருடமாக ஒரு கிடார் நின்றுகொண்டிருந்தது. மகளின் 11-வது பிறந்தநாளுக்கு வாங்கியது. முதல் இரண்டு வாரம் பள்ளி விட்டு வந்ததும் அதைத்தான் எடுப்பாள். மூன்றாவது வாரம் விரல் நுனிகளை என்னிடம் நீட்டிக் காட்டினாள். கம்பி பதிந்த இடமெல்லாம் கோடு கோடாகச் சிவந்து, ஆள்காட்டி விரலில் தோல் உரிந்திருந்தது. வாங்கிய கடையில் போய்ச் சொன்னேன். "பழகப் பழகச் சரியாயிடும் சார், எல்லாருக்கும் ஆரம்பத்துல இப்படித்தான்" என்றார்கள். வீட்டுக்கு வந்து நானும் அதையே அவளிடம் சொன்னேன். அடுத்த மாதம் கிடார் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. தனக்கு இசை வராது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

அந்த முடிவு தவறு என்பது ஒரு ஸ்டீல் ஸ்கேலால் தெரியவந்தது. இந்த வருடம் வீட்டை ஒழித்தபோது, கிடாரை விற்றுவிடலாம் என்று கோடம்பாக்கத்தில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போனேன். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. ரெக்கார்டிங்குக்குப் போகிறவர்களின் கிடார்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. அவர் எங்கள் கிடாரை மடியில் கிடத்தி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், 12-வதின் மேல் ஸ்கேலை நிறுத்தி, கண்ணை ஒட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே நாலு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது.

"இதைப் பெரியவங்களாலயே அமுக்க முடியாது சார். குழந்தை எப்படி வாசிக்கும்? இரண்டரைக்கு மேல போகக் கூடாது. எலெக்ட்ரிக்னா இரண்டு கூட அதிகம்."

மேஜையில் கம்பி மாற்றி முடித்த மின் கிடார் ஒன்று இருந்தது. அதை எடுத்து மகளிடம் கொடுத்தார். "அமுக்கிப் பாரும்மா." வலிக்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். கம்பி உடனே இறங்கிவிட்டது. அவள் தன் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அமுக்கினாள். "அப்பா, வலிக்கவே இல்லை."

முதல் கிடார் வாங்குவது பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஸ்கேல்தான். எந்தக் கம்பெனி, என்ன விலை, என்ன நிறம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பாதியில் நின்றுபோன எத்தனையோ பிள்ளைகளின் கதையில் குற்றம் பிள்ளையிடம் இல்லை. அந்த இடைவெளியில் இருக்கிறது. கிடார்க்காரர்கள் அதை 'ஆக்‌ஷன்' என்பார்கள்.

*

முதலில் மரக் கிடாரில் பழகிவிட்டுப் பிறகு எலெக்ட்ரிக்குக்கு வர வேண்டும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கஷ்டப்பட்டுக் கற்றால்தான் உறுதியாக நிற்கும் என்ற நம்பிக்கை அது. உண்மை அப்படி இல்லை. மரக் கிடாரில் வழக்கமாகப் போடும் மிக மெல்லிய கம்பி 0.3 மில்லிமீட்டர் தடிமன். மின் கிடாரில் 0.23 மில்லிமீட்டர் கம்பியே போதும். ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் மொத்த விசையும் ஏறக்குறைய பாதிதான். கம்பி அதிர்ந்து, அந்த அதிர்வு பலகையை அசைத்து, பலகை காற்றை அசைத்தால்தான் மரக் கிடாருக்குச் சத்தம். அதற்குக் கம்பி தடித்தும் விறைத்தும் இருக்க வேண்டும். மின் கிடாருக்கு அந்த வேலை இல்லை. அதன் கம்பி லேசாக அதிர்ந்தால் போதும், மீதியைக் காந்தம் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் காந்தத்தின் வேலை மிக எளிமையானது, அதனாலேயே எனக்கு வியப்பு. கம்பிக்கு அடியில் 'பிக்கப்' என்று ஒரு சிறிய பெட்டி இருக்கும். உள்ளே கம்பிக்கு ஒன்றாக ஆறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. மேலே எஃகுக் கம்பி அசையும்போது காந்தப் புலம் கலைகிறது, செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம். மேட்டூர் அணையின் ஜெனரேட்டரும் இதையேதான் செய்கிறது. கம்பி எப்படி அதிர்கிறதோ அதே வடிவத்தில் மின்சாரமும் ஏறி இறங்கும். அது கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ப் பெருகி, ஸ்பீக்கரில் ஒலியாகிறது.

இப்படி ஒன்று தேவைப்பட்டதற்குக் காரணம், அமெரிக்காவில் 1920-களில் இசைக்குழுக்கள் பெரிதானது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் மேடையில் கிடார்க்காரர் வாசிப்பது அவருக்கே கேட்காது. லாஸ் ஏஞ்சலஸில் ஹவாயன் கிடார் வாசித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் பீச்சம் என்பவர் காந்தத்தோடு மல்லுக்கட்டி ஒரு வழி கண்டார். 1932-ல் விற்பனைக்கு வந்த அந்த அலுமினியக் கிடாருக்கு அதன் தோற்றத்தால் 'வாணலி' என்றே பெயர். காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கிப்சன் கம்பெனி ஈ.எஸ்-150 என்ற மின் கிடாரைக் கொண்டுவந்தது. சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் 1939-ல் அதோடு பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். ஓரத்தில் உட்கார்ந்து தாளம் கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியம் அவர் கையில் தனி ஆவர்த்தனத்துக்கு வந்துவிட்டது. அவர் 25 வயதில் காசநோயில் இறந்துபோனார். அவருக்குப் பிறகு வந்த ஒவ்வொரு மின் கிடார்க்காரரும் அவருக்குக் கடன்பட்டவர்.

லியோ ஃபெண்டரைச் சொல்லாமல் விட முடியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். வாசிக்கிறவர்கள் சொல்லும் குறையை உட்கார்ந்து கேட்பதே அவருடைய பலம். அவர் 1950-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டரையும் 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் கொண்டுவந்தார். கழுத்தை நாலு திருகாணியில் கழற்றி மாட்டலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் அதைத் தாங்கும் தனித்தனிக் குதிரை, தனித்தனித் திருகு. கம்பியை ஏற்றவும் இறக்கவும் ஆலன் கீ ஒன்று போதும். ஒரு ரிப்பேர்க்காரர் மனதில் பிறந்த கருவி என்பது பார்த்ததுமே தெரியும். இன்று கடையில் தொங்கும் ஆரம்பநிலைக் கிடார்களில் பெரும்பாதி அந்த 1954 வடிவத்தின் பிள்ளைகள். இரண்டு மில்லிமீட்டருக்குள் கம்பியை நாமே வைத்துக்கொள்ளும் வசதியோடு அவை வருகின்றன. அந்த வசதி இருப்பது வாங்குகிற பலருக்குத் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம்.

*

கடைக்குப் போனோம். சென்னையில் வாத்தியக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் 1842-லிருந்து இருக்கிறது. மேற்கத்திய வாத்தியம் இந்த ஊருக்குப் புதியதல்ல. கிடாரும் நமக்குப் புதியதல்ல. இளையராஜா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வு எழுதித் தேறியவர். அவர் பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுக்குக் கிடாரின் ஒலி அந்நியமாகப் படாது. கடையில் தயங்கித் தயங்கி நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

கையில் 25 ஆயிரம் வைத்திருந்தேன். அதை முழுக்கக் கிடாரில் போட்டுவிடக் கூடாது என்று ரிப்பேர்க்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆம்ப், கேபிள், ட்யூனர், ஒரு செட் கம்பி, தோள்வார், பிக், கடைசியாக அவரிடமே கொடுத்து செட்டப் செய்யும் கூலி, எல்லாம் இதற்குள் வர வேண்டும். கிடாருக்கு 15, 16 ஆயிரம். யமஹா, ஸ்குவையர், ஐபனெஸ், கோர்ட் என்று இந்த விலையில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இன்றைக்கு இவற்றின் மரவேலையும் மின்வேலையும் ஒரு பிள்ளை நாலைந்து வருடம் வாசிக்கத் தாராளமாகப் போதும். எது நல்லது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். தொங்கும் மூன்றில் கைக்கு அடங்குகிற ஒன்றை எடுத்துப் பார்த்தாலே போதும்.

எப்படிப் பார்ப்பது? பெருவிரலைக் கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஓட்டினோம். ஃப்ரெட்டின் முனை எங்காவது கீறினால் அது வேண்டாம். ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அமுக்கி மீட்டினோம். கிர்ரென்று கரகரத்தால் எங்கோ ஒரு ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று கூச்சப்படக் கூடாது, நூறு தடவைக்கு மேல் மீட்ட வேண்டியிருக்கும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது ஆம்பில் சரசரப்பு கேட்கக் கூடாது. பிறகு சுருதி. 12-வது ஃப்ரெட் என்பது கம்பியின் சரிபாதி. அங்கே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி அடித்தாற்போல் ஒரு ஸ்வரம் வரும். அதே இடத்தில் நன்றாக அமுக்கி மீட்டினாலும் அதே ஸ்வரம் வர வேண்டும். விலகினால், கழுத்தின் மேல்பகுதியில் வாசிக்கும்போதெல்லாம் அபஸ்வரம்தான். பயப்பட வேண்டாம், குதிரையைத் திருகால் முன்னே பின்னே நகர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் வாங்கும்போதே தெரிந்திருப்பது நல்லது.

மகள் ஒரு வெளிர்நீலக் கிடாரைத் தேர்ந்தாள். நிறம் முக்கியமில்லை என்று நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கண் போகிற இடத்துக்குக் கை போகும். சோதனையில் தேறிய மூன்றில் அவளுக்குப் பிடித்த நிறம் எதுவோ அதையே எடுத்தோம்.

*

வீட்டில் அம்மா காத்திருந்தார். அம்மாவுக்கு 74 வயது. கல்யாணத்துக்கு முன் பத்து வருடம் வீணை படித்தவர். புதுக் கிடாரைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட கேள்வியை எந்தக் கடையிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை.

"இதுக்கு மேளம் யாருப்பா கட்டுவாங்க?"

வீணையில் 24 மெட்டுகள். மெழுகுப் படுகையில் பதித்திருக்கும். சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெழுகு இளகும், மெட்டு அசையும், கம்பி உரசி உரசிப் பள்ளம் விழும். சில வருடத்துக்கு ஒருமுறை மெழுகை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு மறுபடி பதிப்பார்கள். அதற்குப் பெயர் மேளம் கட்டுவது. மேளம் கட்டாத வீணையை யாரும் வாசிக்க உட்கார மாட்டார்கள் என்றார் அம்மா. "வாத்தியம் தயாரா இருந்தாத்தானே வாசிக்கிறவ தயாராக முடியும்?"

வாத்தியத்தை வாசிக்கத் தயார் செய்வது தனி வேலை, அதற்குத் தனி ஆள் வேண்டும் என்ற இந்த அறிவு நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. கிடார் பெட்டியில் வருவதால் நாம் அதை மிக்ஸி போல நினைத்துவிட்டோம். எங்கோ ஒரு நாட்டு ஆலையில், அங்குள்ள காற்றின் ஈரத்தில் செய்து, கன்டெய்னரில் கடல் தாண்டி, குடோனில் மாதக்கணக்கில் கிடந்து சென்னைக்கு வருகிற மரம் அது. வளையத்தான் செய்யும்.

கிடாரில் மெட்டுகள், அதாவது ஃப்ரெட்டுகள், அசையாது. அவற்றின் இடம் கணக்கு. 648 மில்லிமீட்டர் கம்பியில் முதல் ஃப்ரெட் 36 மில்லிமீட்டர் சொச்சத்தில் வரும். மீதி நீளத்தை மறுபடி அதே விகிதத்தில் வகுத்தால் அடுத்தது. இப்படிப் பன்னிரண்டு தடவை வகுத்தால் சரிபாதியில் வந்து நிற்கும். அசைவது கழுத்துதான். அதற்காகவே கழுத்தின் உள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். கிப்சன் கம்பெனியின் தேடியஸ் மக்ஹியூ 1920-களில் காப்புரிமை பெற்றது. ஆலன் கீயால் அதை இறுக்கினால் கழுத்து பின்னே வளையும், தளர்த்தினால் கம்பி இழுக்கும் பக்கம் வளையும்.

ரிப்பேர்க்காரர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்கினார். கம்பியே இப்போது நேர்கோடு வரைந்த அளவுகோல். நடுவில், ஏழு எட்டு ஃப்ரெட் பக்கம், கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு சந்து இருக்க வேண்டும். எங்களுடையதில் இரண்டு கார்டு நுழைந்தது. திருகைக் கால் சுற்று திருப்பினார். கம்பியைச் சுருதி சேர்த்தார். டீ குடித்தார். மறுபடி பார்த்தார். "ஒரே மூச்சுல திருகக் கூடாது. மரம் கேட்கணும்ல." பிறகு ஒவ்வொரு குதிரையையும் இறக்கினார். மெல்லிய கம்பி ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்தது, தடித்தது ஒன்றே முக்காலுக்கு. இன்னும் இறக்கினால் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். கூலி 800 ரூபாய். கிடாருக்குக் கொடுத்த எந்த 800 ரூபாயும் இதற்கு ஈடாகாது.

பீரோவுக்குப் பின்னால் நின்ற பழைய கிடாரையும் அவரே சரி செய்தார். குதிரையின் எலும்பை உப்புத்தாளில் தேய்த்து இறக்கினார், அரைமணி நேர வேலை. இப்போது அதில் நான் பழகுகிறேன்.

மகளின் கிடாரைத் துடைத்துக் கொடுக்கும்போது கழுத்தின் கரும்பழுப்புப் பலகையைக் காட்டி, "இது நம்ம ஊர் மரம் தெரியுமா?" என்றார். ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அருகிப்போனதும் 1960-களின் கடைசியிலிருந்து உலகக் கிடார் கம்பெனிகள் நம் ஈட்டி மரத்துக்கு மாறின. 2017-ல் ஈட்டிப் பேரினம் முழுவதையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது உலகெங்கும் கிடார் ஆலைகள் திண்டாடின. 2019-ல் முடிவாக வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். மகள் அந்தப் பலகையைச் சற்று நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

*

ஆம்ப் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுக்குமாடி வீட்டுக்குப் பத்து வாட் போதும். ஹெட்ஃபோன் துளை கட்டாயம் இருக்கட்டும், பக்கத்து வீட்டோடு உறவு நீடிக்க வேண்டும். வீட்டு மியூசிக் சிஸ்டத்தில் சொருகினால் கிடார் கீச்சிடும். கிடார் ஸ்பீக்கர் உச்ச ஒலிகளைத் தானாகவே வடிகட்டிவிடும், மற்றது வடிகட்டாது.

விரிவாகச் சொல்ல வேண்டியது எர்த் பற்றி. ஆம்பைப் போட்டதும் உம்ம் என்று ஓர் இரைச்சல் கேட்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. ஒற்றைச் சுருள் பிக்கப் அதை ஏரியல் போல இழுத்துக்கொள்ளும். இதைப் போக்கத்தான் 1955-ல் கிப்சனின் செத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து 'ஹம்பக்கர்' செய்தார். கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்குவது இயல்பு. ஆனால் கம்பியைத் தொடும்போது கையில் சுருக்கென்று ஏறினால் உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. எங்கள் வீட்டில் ஹால் சாக்கெட் அப்படித்தான் இருந்தது. 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 27 வயது. பிள்ளை கையில் மின் கிடாரைக் கொடுக்கும் எந்த வீட்டிலும் முதல் செலவு எர்த் சோதனையாகத்தான் இருக்க வேண்டும்.

*

இனி கற்பது. மாஸ்டர் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். முதல் பாடம் கம்பிகளின் பெயர். தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தினமும் வாசிக்கும் முன் சுருதி சேர்க்க வேண்டும். போன் ஆப் பச்சை விளக்கு காட்டும்தான், ஆனாலும் முதலில் காதால் கொண்டுவந்து பிறகு ஆப்பில் சரிபார் என்றார் மாஸ்டர். இரண்டு மாதத்தில் மகள் ஆப்பைப் பார்ப்பதற்கு முன்பே "ஜி இறங்கியிருக்கு" என்று சொல்லத் தொடங்கினாள்.

முதல் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, ஈ மைனர். இரண்டே விரல், ஆறு கம்பியும் ஒலிக்கும். அடுத்து பவர் கார்டு. மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததும் அம்மா உள்ளேயிருந்து, "அது ச-ப தானே?" என்றார். அதேதான். ஷட்ஜமும் பஞ்சமமும். ஆம்பின் ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும்போது காந்தாரம் சேர்ந்தால் குழம்பும், ச-ப மட்டும் தெளிவாக நிற்கும். அந்தக் கரகரப்புக்கும் ஒரு கதை உண்டு. 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறித்தான் அந்த ஒலியைப் பெற்றார். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிறது. மகளுக்கு இரண்டு நாளைக்கு அந்தப் பொத்தானை விட்டுக் கை எடுக்க முடியவில்லை. அது சந்தோஷமான சத்தம். ஆனால் அது தவறுகளை மறைத்துவிடும் என்று மாஸ்டர் பயிற்சி நேரத்தில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

தினம் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசித்து வாரம் முழுக்கத் தொடாமல் இருப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும். மெட்ரோனோமில் 60 வைத்து, ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்குத் தாளம் தப்பாமல் மாறுவது. தப்பாமல் வந்த பிறகே 65. விரல் நுனி முதல் பத்து நாள் வலிக்கும். செட்டப் செய்த கிடாரிலும் வலிக்கும். அந்த வலியும் அன்று தோல் உரிந்த வலியும் வேறு. மூன்று வாரத்தில் நுனியில் தோல் காய்த்துவிட்டது. வலி அதோடு போனது.

வலி என்றதும் டோனி அயோமியைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 17 வயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில் இயந்திரம் அவர் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கைக்காரர், ஆகவே கம்பியை அமுக்கும் கை அதுதான். தொழிற்சாலையின் மேலாளர் அவருக்கு ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீக்காயத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் மீதி விரல்களால் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். தடித்த கம்பியை அந்த விரலால் அமுக்க முடியவில்லை. மெல்லிய கம்பிகள் அப்போது கிடைக்காததால் பாஞ்சோ கம்பியைப் போட்டார். பிறகு சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தொளதொளப்பாக்கினார். பிளாக் சப்பாத் குழுவின் கனத்த, இருண்ட ஒலி பெரிதும் இப்படி வந்தது. அவரைப் பார்த்து யாராவது பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் அந்த இசை பிறந்திருக்காது. வாத்தியத்தைத் தன் விரலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்.

இப்போது மகள் 'பெண்டிங்' பழகுகிறாள். கம்பியை அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளி, ஃப்ரெட் மாற்றாமலேயே அடுத்த ஸ்வரத்துக்குப் போவது. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதேதான். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கர்நாடக இசைக்கு மின் மாண்டலினைக் கொண்டுவந்ததற்கும் காரணம் இங்கே இருக்கிறது. சாதாரண மாண்டலினில் மீட்டிய ஸ்வரம் உடனே செத்துவிடும், கமகத்துக்கு அவகாசம் இல்லை. இரட்டைக் கம்பிகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கம்பிகள் ஐந்து போட்டு, பிக்கப்பின் உதவியோடு அவர் ஸ்வரத்தை நிற்க வைத்தார். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா மின் கிடாரிலேயே கீர்த்தனை வாசிக்கிறார். மின் கிடார் என்றால் இரைச்சல் என்று நினைக்கும் தாத்தா பாட்டிகள் இவர்கள் இருவரையும் ஒருமுறை கேட்க வேண்டும். விரல் கம்பியில் நகரும் உரசல், ஸ்வரம் ஓய்கிற கடைசி இழை, எல்லாவற்றையும் அந்தக் காந்தம் வெளியே கொண்டுவந்துவிடும். அதனால்தான் அதில் பொய்யாக வாசிக்க முடியாது.

போன ஞாயிறு சாயங்காலம். அம்மா ஹாலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகள் இரண்டாவது கம்பியில் 10-வது ஃப்ரெட்டை முதலில் வாசித்து அந்த ஸ்வரத்தைக் காதில் வாங்கிக்கொள்வாள். பிறகு 8-வது ஃப்ரெட்டில் அமுக்கி, மூன்று விரலையும் சேர்த்துத் தள்ளி, அந்த ஸ்வரத்தைத் தொடப் பார்ப்பாள். பொத்தான் போடாத, பச்சையான ஒலி. மறுபடி. மறுபடி.

"ஒரு நூல் குறையுதுடி" என்றார் அம்மா, கீரையிலிருந்து தலை நிமிராமல்.

மகள் விரலை எடுத்தாள். கையை உதறினாள். 10-வது ஃப்ரெட்டை வாசித்தாள், 8-க்கு வந்தாள், தள்ளினாள். கம்பி ஏறியது, நின்றது. அந்த ஸ்வரம் ஓய்கிற வரை விரலை அவள் அசைக்கவில்லை.

அம்மாவின் கை கீரைக் காம்பின் மேல் அப்படியே நின்றிருந்தது. ஒலி ஓய்ந்ததும் மறுபடி உருவத் தொடங்கினார். ஒன்றும் சொல்லவில்லை.